ஜெட் ஸ்கியின் மூக்கைத் தூக்கும் மோட்டார்

என் பெயர் ஜெயசுதா, வயது 34, கணவர் பெயர் பச்சமுத்து. கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் வாடகை வீட்டில் குடியிருந்து வருகிறேன். கல்வராயன் மலைமேல் கண்ணாயிரம் என்பவர் நடத்தும் விடுதியின் ஏரிக்கரையில் டிக்கெட் கொடுப்பதும், வருகிறவர்களுக்கு லைஃப் ஜாக்கெட் மாட்டிவிடுவதும் என் வேலை. அதே ஏரியில் ஜெட் ஸ்கி என்னும் தண்ணீர் பைக்கை ஓட்டுவதும் அதைப் பழுது பார்ப்பதும் என் கணவர் வேலை. ஜெட் ஸ்கியின் மோட்டாரை நான் திருடிவிட்டதாகக் கண்ணாயிரம் கொடுத்த புகாரின் பேரில் என்னை விசாரித்தார்கள். நான் சொல்வது பின்வருமாறு.

மேற்படி வண்டியின் பின்னால் தண்ணீரைப் பீய்ச்சும் வாய் ஒன்று உண்டு, அதற்கு நாசில் என்று பெயர். நாசில் மேலே சாய்ந்தால் வண்டியின் மூக்கு தூக்கும், கீழே சாய்ந்தால் மூக்கு தண்ணீரில் குத்தும். கடந்த பொங்கலுக்கு முன் நாசிலைச் சாய்க்கும் பழைய அமைப்பு உடைந்துபோனதால், வேறு மாட்டுவதற்காகக் கண்ணாயிரமும் என் கணவரும் கள்ளக்குறிச்சியில் படகு உதிரிபாகம் விற்கும் நவுஷாத் கடைக்குப் போனார்கள். லைஃப் ஜாக்கெட் வாங்க வேண்டியிருந்ததால் நானும் போயிருந்தேன். நவுஷாத் இரண்டு வகை காட்டினார். ஒன்று கையால் இழுக்கும் கேபிள் வைத்தது, இன்னொன்று பட்டனை அழுத்தினால் சின்ன மோட்டார் நாசிலைச் சாய்ப்பது. "ஒங்க ஏரி சேறும் பாசியுமா கெடக்குதுண்ணே, கேபிளே போதும். சிக்குனா இழுக்கிற கைக்குத் தெரிஞ்சிடும். மோட்டார் வெச்சீங்கன்னா தண்ணி பூந்துக்கினு எப்ப நிக்கும்னு சொல்ல முடியாது" என்று அவர் சொன்னதை நான் என் காதால் கேட்டேன். என் கணவரும் கேபிள்தான் கேட்டார். பட்டன் இருந்தால்தான் வருகிறவர்கள் மதிப்பார்கள் என்று சொல்லிக் கண்ணாயிரம் மோட்டாரை வாங்கினார். அதன் மூடியில் நவுஷாத் தன் கடை முத்திரையை ஒட்டிக் கொடுத்தார்.

அதன் பிறகு மாசி மாதத்தில் வண்டி மூக்கைக் குத்திக்கொண்டே ஓடுவதாக என் கணவர் சொன்னார். ஆனால் கைப்பிடிக்கு முன்னால் நாசிலின் நிலையைக் காட்டும் முள் மட்டும் அது மேலே தூக்கியிருப்பதாகவே காட்டியது. என் கணவர் வண்டியைக் கரையேற்றி, ஃபியூஸைப் பார்த்தார், அது சரியாக இருந்தது. பட்டனை அழுத்தினார், டிக் டிக் என்ற சத்தம் வந்ததே தவிர நாசில் அசையவில்லை. மோட்டாரிலிருந்து வரும் தண்டைக் கழற்றிவிட்டு நாசிலைக் கையால் தூக்கினார், அது தாராளமாக அசைந்தது. ஆகவே கோளாறு நாசிலில் இல்லை, மோட்டார்தான் தண்ணீர் புகுந்து, நாசில் கீழே சாய்ந்த நிலையில் இறுகிவிட்டது என்று கண்ணாயிரத்திடம் சொன்னார். அதற்குக் கண்ணாயிரம், "ஓடுது இல்ல? சீசன் முடியட்டும், தண்டை மாட்டு" என்றார். முள் மேலேதானே காட்டுகிறது என்று வாதமும் பண்ணினார். முள்ளைப் பார்த்து வண்டி ஓட்டும் மனிதரிடம் என்ன பேசுவது.

விடுதியில் இன்னொரு வழக்கம் உண்டு. போட்டோவுக்காக, வருகிறவரை முன்னால் உட்காரவைத்து அவர் கையிலேயே கைப்பிடியைக் கொடுத்து, ஓட்டுகிறவர் பின்னால் உட்கார வேண்டும். இதுவும் கண்ணாயிரத்தின் ஏற்பாடு. ஏற்கெனவே குத்துகிற மூக்கின்மேல் இன்னொரு ஆளின் பாரமும் ஏறும் என்று என் கணவர் பலமுறை சொல்லியிருக்கிறார்.

அதன் பிறகு போன ஞாயிற்றுக்கிழமை சேலத்திலிருந்து வந்த ஒரு பெண் டிக்கெட் வாங்கினார். நான்தான் ஜாக்கெட் மாட்டிவிட்டேன், பெல்ட்டை இறுக்கியபோது கூச்சத்தில் சிரித்தார். அவரைப் பின்னால் உட்காரவைப்பதாக என் கணவர் சொன்னதற்குக் கண்ணாயிரம் எல்லோர் முன்னாலும், "ஓட்ட பயமா இருந்தா சாவியக் குடுத்துட்டு வூட்டுக்குப் போ, வாச்மேன் ஓட்டுவான்" என்றார். வாட்ச்மேனுக்கு நீச்சலே தெரியாது. அதனால் என் கணவர் ஏறினார். மெதுவாகத்தான் போய்க்கொண்டிருந்தார். நடு ஏரியில் வண்டி திரும்பும்போது அந்தப் பெண் பயத்தில் கைப்பிடியை இறுக்கிப் பிடிக்க, ஆக்சிலேட்டரும் சேர்ந்து அழுந்த, வண்டி மூக்கைக் குத்தி உள்ளே போய் இருவரும் முன்னால் விழுந்தார்கள். அந்தப் பெண்ணுக்குத் தாடை உடைந்தது. என் கணவருக்குக் கழுத்துப்பட்டை எலும்பும் இரண்டு விலா எலும்பும் உடைந்தன. அந்த நிலையிலும் அவர்தான் அந்தப் பெண்ணை ஒரு கையால் தாங்கிக்கொண்டு மிதந்தார்.

அன்று மாலை விசாரணைக்கு வந்தவர்களிடம் கண்ணாயிரம், வண்டி நல்ல நிலையில் இருந்ததாகவும் என் கணவர் குடித்திருந்ததாகவும் சொன்னார். நான் பக்கத்தில்தான் நின்றேன். "கருணாபுரத்து ஆளு சார், வேற இன்னா பண்ணியிருப்பான்" என்றார். 2024இல் எங்கள் கருணாபுரத்தில் பலரைக் கொன்ற அந்த விஷச் சாராயத்தில் என் சொந்த அண்ணனைத் தூக்கிக் கொடுத்தவள் நான். அன்றிலிருந்து என் கணவர் குடியைத் தொட்டதில்லை. அந்த ஞாயிறு மாலை கண்ணாயிரத்தின் முகத்தில் காறித் துப்பத் தோன்றியது, துப்பவில்லை. இப்போது அதற்காக வருத்தப்படுகிறேன். ரத்தப் பரிசோதனை முடிவு இன்னும் வரவில்லை. அதற்குள் ஊர் முழுக்கக் குடிகாரன் என்று சொல்லியாகிவிட்டது. வழக்கும் என் கணவர் பேரில்தான் இருக்கிறது.

அதன் பிறகு மறுநாள் காலை என் கணவரின் துணிமணியை எடுக்க வண்டிக் கொட்டகைக்குப் போனேன். வெளியூர் மெக்கானிக் ஒருவர் பழைய மோட்டாரைக் கழற்றித் தரையில் வைத்துவிட்டு, புதுசை மாட்டிக்கொண்டிருந்தார். கேட்டதற்கு, "செக் பண்றவங்க வராங்களாம்மா, அதுக்குள்ள மாட்டிடணும்னு மொதலாளி சொன்னாரு" என்றார். அவர் டீ குடிக்கப் போனதும் பழைய மோட்டாரைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். யாரும் எனக்கு உதவி செய்யவில்லை. கச்சிராயபாளையம் வழியாக வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில் மடியில் வைத்திருந்தேன். பையிலிருந்து துருத் தண்ணீர் சொட்டிப் புடவை நனைந்தது. பக்கத்து அம்மா, "மீனா வாங்கிக்கினு போற?" என்று கேட்டார். நாறிப்போன மீன் என்று சொன்னேன்.

நல்ல நிலையில் ஓடிய மோட்டாரைத் திருடிவிட்டேன் என்று நேற்று கண்ணாயிரம் புகார் கொடுத்ததாக அறிந்து, இன்று காலை நானே நிலையத்துக்கு வந்து மேற்படி மோட்டாரை மேசைமேல் வைத்தேன். அதன் பிறகு கண்ணாயிரத்தை வரவழைத்து அடையாளம் கேட்டார்கள். அவர் மூடியில் இருந்த முத்திரையைத் தொட்டுக் காட்டி, "இதான் சார். ஞாயித்துக்கெழம வண்டில இருந்ததே இதான் சார். திருட்டுக் கழுத சார் இவ" என்றார். அதை அப்படியே எழுதி அவரிடம் கையெழுத்து வாங்கினார்கள். அதன் பிறகு உதவி ஆய்வாளர் அவர்கள் மூடியைத் திறக்க, உள்ளே இருந்து பழுப்புத் தண்ணீர் மேசையில் வழிந்தது. தண்டைத் திருகிப் பார்த்தார், அசையவில்லை. ஏட்டையா திருகியும் அசையவில்லை. கண்ணாயிரம் முதலில் இது வேறு மோட்டார் என்றார், பிறகு நேற்றுதான் கெட்டிருக்கும் என்றார், அதன் பிறகு, "பாவம் பொம்பள, புகாரை வாபஸ் வாங்கிக்கிறேன் சார், விட்டுடுங்க" என்றார்.

அவருடைய இரக்கம் எனக்கு வேண்டாம். புகாரை அவர் வாபஸ் வாங்குவதற்கு எனக்குச் சம்மதம் இல்லை. அந்த மோட்டார் அவருடையது, ஞாயிற்றுக்கிழமை வண்டியில் இருந்தது, கேட்காமல் எடுத்தது நான். என்னைத் திருடி என்று கோர்ட்டில் நிறுத்தினால் வந்து நிற்பேன், நான் திருடியது எது என்று அங்கே எல்லோர் முன்னாலும் அவர் சொல்ல வேண்டும்.

நான் சொன்னதை ஏட்டையா எழுதி வாசித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது, இதில் பொய் ஒன்றும் இல்லை என்று அறிந்தே கையெழுத்துப் போடுகிறேன்.

(ஒப்பம்)
ப. ஜெயசுதா