இரண்டாவது டிராயரில் ஒரு ஃபிலிம்

காதை யாரும் சரியாகப் பார்ப்பதில்லை. உங்கள் மனைவியின் காதை நினைவிலிருந்து வரையச் சொன்னால் உங்களால் முடியாது. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இருபத்திரண்டு வருடம் காது செய்தே பிழைத்த எனக்கும் ஒரே ஒரு காதுதான் மனப்பாடம்.

விசாரணைக் குழு என்று வந்திருக்கிறீர்கள், முதலில் என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். ஒரு பக்கம் காது மடல் இல்லாமல் பிறந்த குழந்தைகள் என்னிடம் வருவார்கள். எட்டு ஒன்பது வயதானதும், கழுவிய பழைய எக்ஸ்ரே ஃபிலிமை நல்ல காதின்மேல் வைத்து வரைந்துகொள்வேன். அதைத் திருப்பிப் போட்டால் இல்லாத காதுக்கு அச்சு. விலாவிலிருந்து குருத்தெலும்பு எடுத்து, அந்த அச்சுப்படி செதுக்கி, தோலுக்கு அடியில் வைத்துத் தைப்பேன். ஒவ்வொரு குழந்தைக்கும் அதன் சொந்தக் காதே அளவு. இதுதான் விதி.

என் மகளுக்கு இரண்டு காதும் நன்றாகவே இருந்தன. சிட்டு என்று கூப்பிடுவோம். ஒரு விடுமுறை நாளில் என் அறைக்கு வந்தவள், நோயாளிகள் நாற்காலியில் ஏறி உட்கார்ந்து, "எனக்கும் ஒண்ணு வரைங்கப்பா" என்றாள். வரைந்தேன். மேல் விளிம்பில் அவளுக்கு ஒரு சின்ன மடிப்பு உண்டு, ஓரம் மடித்த புத்தகப் பக்கம் போல. "கூசுதுப்பா, சீக்கிரம்" என்று நெளிந்தாள். அடுத்த மாதம் மூன்று நாள் காய்ச்சலில் போய்விட்டாள். அவளுக்கு எட்டு வயது.

பத்து நாளில் வேலைக்குத் திரும்பினேன். அன்று ஒரு சிறுமிக்கு ஆபரேஷன். தட்டில் அவளுடைய ஃபிலிம் இருந்திருக்க வேண்டும். சிட்டுவின் ஃபிலிம் இருந்தது. கை தவறி வந்தது என்று எழுதிக்கொள்ள நினைப்பீர்கள். நான்தான் வைத்தேன்.

தியேட்டர் சிஸ்டர் மட்டும் கேட்டார். "சார், இது இந்தப் பொண்ணோட காது மாதிரி இல்லையே."

"வீக்கம் வடிஞ்சா சரியாயிடும் சிஸ்டர்."

காதே இல்லாத இடத்தில் ஒரு காது வந்தால் மடிப்பை யார் பார்ப்பார்கள்? அந்தப் பெண்ணின் அம்மா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதார். அன்று வீட்டுக்குப் போய், மகள் போனபிறகு முதல்முறையாக வயிறாரச் சாப்பிட்டேன்.

ஒன்பது வருடத்தில் முப்பத்தேழு குழந்தைகள். எல்லோருக்கும் பொருந்தும் ஒரே அச்சு என்று கட்டுரை எழுதினேன், கைதட்டினார்கள். வருடத்துக்கு ஒருமுறை குழந்தைகள் பரிசோதனைக்கு வருவார்கள். முடியை ஒதுக்கிப் பார்ப்பேன். நான் வைத்த குருத்தெலும்பு குழந்தையோடு சேர்ந்து வளரும். அப்படித்தான் சிட்டுவுக்குப் பன்னிரண்டு வயதானதையும் பதினைந்து வயதானதையும் பார்த்தேன். அந்த ஐந்து நிமிஷத்துக்காகவே மற்ற நாட்களை ஓட்டினேன்.

பிறகு, கட்டுரையில் இருந்த படங்களில் இரண்டு காதும் ஒத்துப்போகவில்லையே என்று சக மருத்துவர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்வி. அச்சை மாற்றியிருக்கலாம். நான் நல்ல காதை வெட்டி அச்சுக்கு ஏற்ப மாற்றினேன். 'சிறு திருத்தம்' என்று படிவத்தில் எழுதினால் பெற்றோர் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். மூன்று பேருக்கு எந்தச் சிக்கலும் இல்லாமல் ஆறிவிட்டது. ஆனாலும் திருத்திய காது திருத்திய காதுதான், சிட்டுவுடையதாக ஆகவில்லை.

நான்காவதாக வந்தவள் ஒன்பது வயதுப் பெண். மூன்றாம் நாள் கட்டை அவிழ்த்தபோது அவளுடைய நல்ல காது சிவந்து சுட்டது. உடனே திறந்து கழுவியிருந்தால் காது பிழைத்திருக்கும்.

"வலிக்குதா?" என்றேன்.

"கொஞ்சம்தான் டாக்டர்."

மறுபடி கட்டிவிட்டு வந்தேன். இரண்டு நாள் கழித்துத் திறந்தபோது உள்ளே சீழ் பிடித்துக் குருத்தெலும்பு கரைந்திருந்தது. ஒரு மாதத்தில் அந்தக் காது சுருங்கிப் போயிற்று.

"ஒரு காது இல்லைன்னுதான் சார் உங்ககிட்ட வந்தோம். இருந்ததும் போச்சே" என்றார் அவள் அப்பா. எனக்கும் நெஞ்சு கனத்தது. நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம்.

அந்த வாரம் என் மனைவி ஏதோ வேலையாக ஆஸ்பத்திரிக்கு வந்தாள். வராந்தாவில் அந்தக் குழந்தை உட்கார்ந்திருந்தது. நான் செய்த காது இவள் பக்கம் இருந்தது. குனிந்து அந்த மடிப்பைத் தொட்டுப் பார்த்தாள். "இது சிட்டு காதுங்க" என்றாள். அடுத்த வாரம் உங்களுக்குப் புகார் வந்தது. புகாரில் பெயர் இல்லை என்கிறீர்கள். அவள் கையெழுத்து எனக்குத் தெரியாதா?

ஏன் இரண்டு நாள் காத்திருந்தேன் என்று கேட்கிறீர்கள். முப்பத்தேழு பேரிடமும் சிட்டு ஒரு பக்கம்தான் இருந்தாள். இந்தக் குழந்தைக்கு இன்னொரு காது செய்தே ஆக வேண்டும். அச்சை நல்ல காதிலிருந்துதான் எடுக்க வேண்டும். அவளுக்கு இப்போது மிஞ்சியிருக்கும் நல்ல காது நான் செய்ததுதான்.

இனி என்னைக் கத்தியைத் தொட விடமாட்டீர்கள், சரி. யார் செய்தாலும் நன்றாக வரட்டும். ஃபிலிம் என் மேசையின் இரண்டாவது டிராயரில் இருக்கிறது. எடுக்கும்போது மெதுவாக எடுக்கச் சொல்லுங்கள். அவளுக்குக் கூசும்.