விடுபட்ட புள்ளி

ஒழுங்கில்லாத அட்டவணையைக் கண்டால் எனக்குத் தலைவலி வரும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன் ஐயா, விசாரணைக்கு உதவும். நீங்கள் நிரப்பிக்கொண்டிருக்கும் அந்தப் படிவத்தில்கூட இரண்டு கட்டம் காலியாக இருக்கிறது. பரவாயில்லை, எழுதுங்கள்.

ஆய்வகத்தில் பிறந்த மருந்து நோயாளியின் வாய்க்குப் போய்ச் சேரும் வழியில் என் மேசை இருந்தது. மூட்டுவலிக்குப் புது மாத்திரை. நான்கு மருத்துவமனைகளில் முந்நூறு பேர் அதைச் சோதனைக்காக விழுங்கினார்கள். அவர்களுடைய ரத்தம், தூக்கம், புலம்பல் எல்லாம் எண்களாகி என் கணினிக்கு வந்தன. அவற்றைச் சுத்தம் செய்து கொடுப்பது என் வேலை. தலைமை மருத்துவர் எனக்குச் 'சோப்பு' என்று பெயர் வைத்திருந்தார், அன்பாகத்தான்.

இரண்டாம் மாதம் ஒரு தாதி 28.4 என்ற கல்லீரல் அளவைப் புள்ளி விட்டு 284 என்று பதிந்துவிட்டாள். கேட்டதற்கு, "சாரி சார், கை தவறிடுச்சு" என்றாள். ஒவ்வொருவரையும் ஃபோனில் பிடித்துக் கேட்டுக்கொண்டிருந்தால் வேலை விளங்கினாற்போலத்தான். அதனால் கணினிக்கு ஒரு விதி எழுதினேன்: இந்தக் கட்டத்தில் இருநூறுக்கு மேல் எது வந்தாலும் பத்தால் வகு. தலைமை மருத்துவர் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

கல்லீரல் அளவு நாற்பதையொட்டி இருக்க வேண்டும். அதன்பிறகு பதினொரு நோயாளிகளுக்கு இருநூறைத் தாண்டி வந்தது. இத்தனை பேருக்கா கை தவறும் என்று மனிதகுலத்தை நினைத்து வருந்தினேன்.

ஒரு நாள் அதே தாதி கூப்பிட்டாள். "சார், நாப்பத்தேழாம் நம்பர் அம்மாவுக்குக் கண்ணெல்லாம் மஞ்சளா இருக்கு. நான் 412னு போட்டா, 41.2னு காட்டுது. டாக்டர் ஸ்கிரீனைத்தான் நம்புறார்."

"போன தடவையும் உங்களுக்குத்தானே புள்ளி விட்டுப்போச்சு?" என்றேன். "ஆமா சார்" என்று ஒப்புக்கொண்டு ஃபோனை வைத்தாள். நேர்மையான பெண்.

நோயாளிகளின் பெயர் எங்களுக்குத் தெரியாது, எண் மட்டும்தான். நல்ல ஏற்பாடு. ஆனால் நாற்பத்தேழின் குறிப்பைத் திறந்து பார்த்தேன்: வயது ஐம்பத்திரண்டு, தையல் வேலை, இடது கட்டைவிரலில் பாதி இல்லை. அந்த விரல் எங்கள் வீட்டுக் கதவிடுக்கில் நசுங்கியபோது கதவைச் சாத்தியவன் நான். எனக்கு ஏழு வயது. காற்று சாத்திவிட்டது என்று அக்கா அம்மாவிடம் சொன்னாள்.

இந்தச் சோதனையில் அவளைச் சேரச் சொன்னதும் நான்தான். "நீ அங்க இருக்கேல்ல, எனக்கென்னடா பயம்" என்று கையெழுத்துப் போட்டாள்.

ஆக, 412 உண்மை என்று எனக்கு அன்றே தெரியும். விதியை நீக்கினால் பதினொரு எண்களும் எழுந்து நிற்கும். சோதனை நின்றுபோகும். மறுவாரம் தலைமை மருத்துவர் மாநாட்டில் பேச வேண்டியிருந்தது. அக்காவுக்கு மட்டும் நீக்கலாம்தான். ஆனால் சொந்தக்காரி என்பதற்காக விதியை வளைக்கிறவனை நீங்களே மதிப்பீர்களா?

இரண்டு நாள் கழித்து அவளே ஃபோன் செய்தாள். "சோறே இறங்கலடா. மாத்திரைய நிறுத்திடவா?"

"உன் அளவு நாப்பத்தொண்ணுதான்க்கா. விடாம சாப்பிடு."

பதினெட்டு நாள் விடாமல் சாப்பிட்டாள். என் பேச்சை அவள் தட்டியதே இல்லை.

அவளையும் சேர்த்து ஏழு பேர். 'இறந்தார்' என்று பதிந்தால் கணினி காரணம் கேட்கும். 'தொடர்பில் இல்லை' என்று பதிந்தேன். பொய் என்று சொல்ல முடியாது, அவள் என்னிடம் பேசி நான்கு மாதம் ஆகிறது.

ஆமாம், எல்லாம் தெரிந்தேதான் செய்தேன். எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் நீங்கள் என்னைப் பார்க்கிற மாதிரி அக்கா பார்த்திருக்க மாட்டாள். இப்போது அவள் இங்கே இருந்திருந்தால், காற்றுதான் சாத்தியது என்று உங்களிடம் சொல்லியிருப்பாள்.