நூறு யூனிட்டுக்குள்

பெட்டி ரெகுலேட்டர் வைத்த ஃபேனை இரண்டாம் நம்பரில் ஓடவிட்டால் கரண்டு மிச்சமாகும் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். மிச்சமாகாது அம்மா. காற்றுதான் குறையும். குறைகிற கரண்டை அந்தப் பெட்டி சூடாகித் தின்றுவிடும், தொட்டுப் பார்த்தால் தெரியும். அதனால் போட்டால் முழுசாகப் போட வேண்டும், இல்லையென்றால் நிறுத்திவிட வேண்டும். இதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. மீட்டருக்குள் சுற்றுகிற தகட்டைப் பார்த்துப் பார்த்து நானே தெரிந்துகொண்டது.

நேற்று நீங்கள் எங்கள் வீட்டுக்கு வந்தபோது கேட்டதெல்லாம் வரதட்சணையைப் பற்றி. கல்யாணமாகி ஏழு வருஷத்துக்குள் ஒரு பெண் செத்தால் ஆர்.டி.ஓ. நேரில் விசாரிக்க வேண்டும் என்று போலீஸ்காரர் சொன்னார். என் மருமகள் ஹேமாவதிக்குக் கல்யாணமாகிப் பதினான்கு மாதம்தான் ஆகிறது. நாங்கள் நகை கேட்டதாக அவள் அப்பா கீழச்சிவல்பட்டியிலிருந்து வந்து எழுதிக்கொடுத்திருக்கிறார். பெற்றவர், அவருக்கு வேறு காரணம் தோன்றாது. நாங்கள் குந்துமணித் தங்கம் கேட்டதில்லை. அதைச் சொல்லவும், என் வீட்டுக்காரரை வெளியே விடச் சொல்லவும்தான் இன்றைக்கு நானாக உங்கள் ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு வந்தேன். அவர் பெயரை நான் சொல்வதில்லை. எழுத்தில் வேண்டும் என்பதால் சொல்கிறேன், சிவசங்கரன். என் பெயர் மீனாம்பிகை.

அவர் குடிக்க மாட்டார். பீடி, வெற்றிலை கிடையாது. மரவேலையில் காரைக்குடியில் அவர் கைக்கு ஒரு மரியாதை உண்டு. இடிக்கிற பழைய வீடுகளில் கதவு, நிலை எல்லாம் வாங்கிச் செப்பனிட்டு விற்கிறார். பட்டறை தனியாக இருக்கிறது. வீடு அமராவதிபுதூர் போகிற ரோட்டில். வீட்டில் கூடத்துக்கு ஒரு ஃபேன், நாலு விளக்கு, ஒரு டி.வி., மிக்ஸி, கிணற்று மோட்டார். இவ்வளவுதான் எங்கள் கரண்டு.

இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை ரீடிங் எடுப்பார்கள். நூறு யூனிட்டு வரைக்கும் ஒரு ரேட்டு, தாண்டினால் ஒரு ரேட்டு, இருநூறைத் தாண்டினால் இன்னும் கூட. உங்களுக்குத் தெரியாததில்லை. அவருக்கு அந்த ஏற்பாடு பிடித்திருந்தது. "அளவு தாண்டுனாத்தான் தண்டம். கவர்மெண்டு சரியாத்தான் வச்சிருக்கு. வீட்டுலயும் அப்படியே வச்சுக்கிடுவோம்" என்றார். நூறுக்குள் நின்றால் ஒன்றும் கிடையாது. நூறுக்கு மேல் ஏறுகிற ஒவ்வொரு பத்து யூனிட்டுக்கும் எனக்கு ஒரு அடி.

நீங்கள் பேனாவை நிறுத்த வேண்டாம். அவர் கோபத்தில் அடிக்கிறவர் இல்லை. ரீடிங் எடுத்த அன்று மத்தியானம் சாப்பிட வரும்போது, யூனிட்டு எழுதிய மீட்டர் அட்டையை எடுத்துப் பார்ப்பார். சாப்பிட்டுக் கை கழுவி, மோர் குடித்த பிறகுதான் "வா" என்பார். ஒரு தேக்கு ரீப்பர் சட்டம் வைத்திருந்தார், இரண்டடி நீளம் இருக்கும். சிராய் ஏறக்கூடாது என்று உப்புத்தாள் போட்டுத் தேய்த்து வைத்திருப்பார். முதுகு, தோள், தொடையின் பின்பக்கம். முகத்திலோ தலையிலோ ஒருநாளும் இல்லை. இதைத் தனியாக எழுதிக்கொள்ளுங்கள்.

அந்த ஏற்பாடு நடந்த எட்டு வருஷத்தில் அதிகமாக நான் வாங்கியது ஒன்பது. அவருடைய தங்கை பிள்ளைகளோடு வந்து சித்திரை முழுக்கத் தங்கியிருந்த வருஷம் அது. விருந்தாளிகளிடம் ஃபேனை நிறுத்தச் சொல்ல முடியாது. ஒன்பதாவது அடிக்குப் பிறகு மூன்று நாள் என்னால் குனிந்து அடுப்பு ஊத முடியவில்லை. தங்கை கேட்டதற்கு மாடிப்படியில் விழுந்தேன் என்று சொன்னேன். அவள் நம்பவில்லை. ஆனால் மறுபடி சித்திரையில் வரவும் இல்லை.

அதனால் நான் கற்றுக்கொண்டேன். மோட்டார் பன்னிரண்டு நிமிஷம், அதற்குமேல் வாளியில் இறைப்பது. வெயில் காலத்தில் ஜன்னலுக்கு நனைத்த சாக்கு. டி.வி.யில் செய்தி மட்டும். அக்கினி நட்சத்திரத்தில் ஈரத் துண்டைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு வெறுந்தரையில் படுத்துக் கிடப்பேன். அப்படியும் சில தடவை நூற்றுப் பத்து, நூற்று இருபது என்று போய்விடும். வெயிலை என்ன செய்வது.

தொண்ணூற்று நாலாம் வருஷம் சித்திரையில் மீட்டர் பார்க்க வந்தவர் பெரியகருப்பன். குள்ளமானவர், ஸ்டூல் போட்டு ஏறித்தான் பார்ப்பார். அன்றைக்கு நூற்று முப்பத்தெட்டு ஓடியிருந்தது. எனக்கு முன்பே தெரியும். அட்டையை நீட்டும்போது என் ரவிக்கைக் கை மேலே ஏறிவிட்டது. முந்தின தடவைத் தழும்பு மறையாமல் இருந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இது கரண்டு கூட ஓடுனதாலயாக்கா?" என்றார். எப்படிக் கண்டுபிடித்தார் என்று தெரியவில்லை. பல வீடு ஏறி இறங்குகிறவர்.

நான் ரவிக்கைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டேன். அவர் அட்டையில் தொண்ணூற்று ஏழு என்று வருகிற மாதிரி எழுதினார். "மிச்சத்தை மழைக் காலத்துல சேத்துக்கிடலாம்க்கா. அப்பக் கம்மியாத்தான் ஓடும். கவலைப்படாம இருங்க."

மழைக் காலத்திலும் அவ்வளவு குறையவில்லை. மறுபடி தொண்ணூற்று எட்டு, தொண்ணூற்று ஐந்து என்று எழுதினார். மீட்டர் ஒரு பக்கம் போய்க்கொண்டிருந்தது, அட்டை ஒரு பக்கம் வந்துகொண்டிருந்தது. என் வீட்டுக்காரர் மீட்டரைப் பார்க்க மாட்டார், அட்டையைத்தான் பார்ப்பார். கவர்மெண்டு ஆள் எழுதியதை அவர் சந்தேகப்பட மாட்டார். ரீடிங் அன்று மத்தியானம் எனக்கு மல்லிகைப்பூ வாங்கி வர ஆரம்பித்தார். பட்டறையில் மற்றவர்களிடம், "எங்க வீட்டுல நூறைத் தாண்டாது, அவ கெட்டிக்காரி" என்று சொன்னாராம். இரண்டு வருஷம் என் மேல் ஒரு அடி விழவில்லை. நானும் கொஞ்சம் தாராளமாகத்தான் இருந்துவிட்டேன். மத்தியானத்தில் ஃபேன் போட்டுப் படுத்தேன். அதை மறைக்க விரும்பவில்லை.

ஹேமாவதி வந்தது இதற்கு நடுவில். என் மகன் ஹரிகிருஷ்ணன் ஐந்து மாதம் அவளோடு இருந்துவிட்டுச் சிங்கப்பூர் வேலைக்குத் திரும்பினான். அவள் சீரில் ஒரு மேஜை ஃபேன் வந்தது. பன்னிரண்டாம் வகுப்புப் படித்த பிள்ளை. ஒருநாள் மீட்டர் பெட்டியில் ஒட்டடை துடைக்க ஏறியவள், அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு இறங்கினாள்.

"அத்தை, அட்டையில ஒண்ணு இருக்கு, மீட்டர்ல ஒண்ணு இருக்கே."

எல்லாவற்றையும் சொன்னேன். முதுகைக் காட்டினேன். அவள் அழுதாள். என் மகன் கூட அந்த முதுகைப் பார்த்ததில்லை. "நான் யார்ட்டயும் சொல்ல மாட்டேன் அத்தை" என்றாள். மறுநாள் அவளுடைய மேஜை ஃபேனைத் துணி சுற்றிப் பரணில் ஏற்றிவிட்டாள். "எனக்கு அவ்வளவா வேர்க்காது" என்று சொன்னாள். அவளுக்கு நன்றாக வேர்க்கும். கழுத்தெல்லாம் வேர்க்குரு. இரண்டு பேரும் ஈரத் துண்டோடு தரையில் கிடப்போம். அவள் பள்ளிக்கூடத்துக் கதை சொல்லுவாள்.

இந்த மாசியில் பெரியகருப்பனுக்கு மாற்றல் வந்துவிட்டது. வந்து சொல்லிவிட்டுத்தான் போனார். "அடுத்து வாரவன் உள்ளதை உள்ளபடி எழுதுவான்க்கா. வீட்டுல பக்குவமா எடுத்துச் சொல்லி வையுங்க" என்றார். எதைச் சொல்வது. இரண்டு வருஷம் ஏமாற்றினேன் என்று சொல்வதா.

வைகாசி பிறந்த ஐந்தாம் நாள் புது ஆள் வந்தார். மீட்டரைப் பார்த்தார், அட்டையைப் பார்த்தார், மறுபடி மீட்டரைப் பார்த்தார். முந்நூற்று எழுபத்து நாலு என்று எழுதி, ஆணியில் மாட்டிவிட்டுப் போனார். நான் மனசுக்குள் வகுத்துப் பார்த்தேன். இருபத்தேழு. ஒன்பது அடிக்கே என்னால் மூன்று நாள் குனிய முடியவில்லை.

என் வீட்டுக்காரர் வந்து அட்டையைப் பார்த்தபோது நான் சோறு போட்டுக்கொண்டிருந்தேன்.

"என்ன இது?"

"நான் கோயிலுக்கு, கடைக்குப் போற நேரமெல்லாம் ஹேமா ஃபேனைப் போட்டுக்கிட்டு, மோட்டாரைப் போட்டுக்கிட்டு இருந்திருக்கா. எனக்கு இப்பத்தான் தெரியும்" என்றேன். குரல் சாதாரணமாகத்தான் வந்தது. எனக்கே ஆச்சரியம்.

அவர் சாப்பிட்டு முடித்தார். கை கழுவினார். மோர் குடித்தார். "ஹேமா, இங்க வாத்தா" என்று கூப்பிட்டார். மரியாதையாகத்தான் கேட்டார். "அத்தை சொல்றது நெசமா? பொய்யின்னா பொய்யின்னு சொல்லு."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு தலை குனிந்துகொண்டாள்.

நான் போய்த் தெருக்கதவைச் சாத்தினேன். கூடத்து ஃபேனை முழுசாகப் போட்டுவிட்டேன், சத்தம் வெளியே கேட்கக்கூடாது என்று. அவளுக்கு எப்படி நிற்க வேண்டும் என்று தெரியவில்லை. நான்தான் தூணைப் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். முதல் அடிக்கே கத்திவிட்டாள். மூன்றாவதில் ரவிக்கை கிழிந்தது. ஐந்தாவதில் தூணை விட்டுவிட்டாள், நான் அவள் இரண்டு கையையும் தூணுக்கு இந்தப் பக்கமிருந்து பிடித்துக்கொண்டேன். வேர்வையில் வழுக்கியது. எட்டாவதில் ரத்தம் பார்த்தேன். என் நெற்றியிலும் ஒரு துளி தெறித்தது. நான் எண்ணிக்கொண்டே இருந்தேன், அது பழக்கம். அவள் கத்துவதை நிறுத்திவிட்டு மூச்சை மட்டும் இழுத்துக்கொண்டிருந்தாள்.

பதினொன்றில் அவர் நிறுத்திவிட்டார்.

ரீப்பரைக் கீழே போட்டார். அவருக்கும் மூச்சு வாங்கியது. "அந்தப் புள்ளைக்கு மஞ்சப்பத்துப் போட்டுவிடு" என்று என்னிடம் சொல்லிவிட்டு, சட்டையைப் போட்டுக்கொண்டு பட்டறைக்குப் போனார். அதன்பிறகு நடந்த எதுவும் அவருக்குத் தெரியாது. முதல் நாள் போலீஸிடம், தலையில் அடிக்கவில்லை என்று சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். மூன்றாம் நாள், "அடிச்சிருப்பேன் போல" என்று ஒப்புக்கொண்டாராம். அது தப்பு. அதை மாற்றுங்கள்.

அவள் முற்றத்துக்கு இறங்குகிற கருங்கல் படியில் போய் உட்கார்ந்துவிட்டாள். தண்ணீர் கேட்டாள். சொம்பில் கொண்டுவந்து கொடுத்தேன், பாதி மேலே சிந்தியது. நான் மஞ்சள் குழைக்க எழுந்தேன். என் சேலையைப் பிடித்துக்கொண்டாள்.

"மாமா கேட்டப்பச் சொல்லியிருக்கலாம் அத்தை. உங்க முகத்தைப் பாத்தேன், சொல்ல மனசு வரலை. உங்களுக்கு இது தாங்காது." மூச்சு விட்டு விட்டுத்தான் பேசினாள். "ஆனா உங்க மகனுக்கு எல்லாத்தையும் எழுதிருவேன். அட்டை விஷயமும்தான். அப்பாவை வரச் சொல்லுதேன். உங்களை இங்க விட்டுட்டுப் போக மாட்டேன், ரெண்டு பேருமாப் போயிருவோம். இம்புட்டு நாளு எப்படித்தான் இருந்தீகளோ."

நல்ல பிள்ளை. நான் அவளைக் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் யோசித்துப் பாருங்கள். கடிதம் போனால் என் மகனுக்குத் தெரியும், சம்பந்தி வீட்டுக்குத் தெரியும், அப்புறம் ஊருக்குத் தெரியும். அட்டை விஷயம் என் வீட்டுக்காரருக்குத் தெரியும். கெட்டிக்காரி என்று சொன்ன வாய்.

நான் சொம்பை வாங்கி ஓரமாக வைத்தேன். அவள் பின்னால் உட்கார்ந்து, கலைந்த முடியை அள்ளினேன். சடை போட்டுவிடப் போகிறேன் என்று நினைத்தாளோ என்னவோ, தலையைப் பின்னால் சாய்த்துக் கொடுத்தாள். முடியை இரண்டு கையிலும் சுற்றிப் பிடித்துக்கொண்டு, அவள் தலையைக் கருங்கல் படியின் விளிம்பில் மோதினேன். முதல் தடவை "அத்தை" என்றாள். இரண்டாவது தடவை என் மணிக்கட்டைப் பிடித்தாள். நகம் பதிந்த இடம் இதோ இருக்கிறது, டாக்டரிடம் காட்டலாம். நாலாவது தடவைக்குப் பிறகு கை தானாக விட்டது. அதற்குப் பிறகும் ஒரு தடவை மோதினேன்.

ஃபேன் ஓடிக்கொண்டே இருந்தது. எழுந்து போய் நிறுத்தினேன். படியைக் கழுவினேன், அவளுக்கு வேறு ரவிக்கை மாற்றினேன். பிறகு பக்கத்து வீட்டு ஆட்களைக் கூப்பிட்டு, வழுக்கி விழுந்துவிட்டாள் என்றேன். முதுகை டாக்டர் திருப்பிப் பார்ப்பார் என்று அப்போது தோன்றவில்லை.

இவ்வளவுதானா காரணம் என்று கேட்கிறீர்கள். இவ்வளவுதான் அம்மா. கடிதத்துக்குப் பயந்தேன், செய்தேன். அவள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது, பொறாமையும் கிடையாது. இருபத்தேழு வர வேண்டியதைப் பதினொன்றோடு விட்டுவிட்டாரே என்று கூட நான் நினைக்கவில்லை. சின்னப் பிள்ளை, பாவம் பார்த்திருப்பார். பாவம் பார்க்கத் தெரியாதவர் இல்லை என்பதற்குத்தான் இதைச் சொல்கிறேன். என்னை ஒரு தடவை கூட அவர் பாதியில் விட்டதில்லை.