தலைவலியின் மூக்கு

– பாருங்க, மறுபடியும் அங்கேயே போய் உக்கார்ந்துட்டா. மூணாவது தடவை. போதும் அண்ணே, கூண்டுல விட்டுடுங்க.

– இருங்க மேடம், மூச்சு வாங்கிக்கிறேன். இவ இழுக்குற இழுப்புல தோள்பட்டை கழண்டு வந்துடும் போல. ஏழாவது டப்பாகிட்ட உக்கார்ந்தாளா இல்லையா, முதல்ல அதைச் சொல்லுங்க.

– உக்கார்ந்தா.

– பூச்சி எந்த டப்பாவுல இருந்துச்சு?

– ஏழுலதான்.

– அதுக்கு முந்தி?

– ரெண்டு. அதுக்கும் முந்தி ஒன்பது. மூணும் சரிதான், யார் இல்லைன்னா? ஆனா கவனிங்க, டப்பாவைக் காட்டின கையோட நேரா என் நாற்காலிகிட்ட போய் இன்னொரு தடவை உக்கார்றா. சுத்தமான இடத்தைக் காட்டுற நாயை எந்த ஹோட்டலுக்குக் கூட்டிட்டுப் போறது? இவ உக்கார்ந்த ரூம்ல எல்லாம் மெத்தையைத் தூக்கி வெளிய எறிவாங்க. ஒரு மூட்டைப்பூச்சி கூட இருக்காது அதுல!

– எங்க காப்பகத்துல வெள்ளிக்கிழமை ஊசி போட்டுக் கொல்ற லிஸ்ட்ல இவ பேரு இருக்கு, தெரியும்ல?

– தெரியும் அண்ணே. அதைச் சொல்லிச் சொல்லி வயித்தெரிச்சலைக் கிளப்பாதீங்க.

– நாலு வீட்டுக்காரங்க ஆசையா கூட்டிட்டுப் போய், நாலு பேரும் திருப்பிக் கொண்டாந்து விட்டாங்க. ஒரு வீட்ல சோபா காலி, இன்னொரு வீட்ல கதவு. தலைவலின்னு பேர் வச்சதே நான்தான். ஆனா இந்த ஸ்டோர் ரூம்ல, பத்து டப்பா நடுவுல விட்டா மட்டும் என்ன நிதானம்! சும்மா சொல்லல மேடம், என் கையைப் பாருங்க. ஆறு வாரமா அந்தப் பூச்சிக் குப்பியை முழங்கைல கவுத்து வச்சு, என் ரத்தத்தைக் குடுத்து வளர்த்திருக்கேன்.

– பூச்சி உயிரோட இருந்தாத்தானே நாய்க்குச் சரியான வாசனை பழகும்.

– உங்களுக்கு வாசனை. எங்க வீட்ல என்னை வராண்டாவுல படுக்கச் சொல்லிட்டா.

– சிரிக்க வைக்காதீங்க. எனக்கும் மனசு கேக்கலதான். என் பழைய நாய் பெரியவனுக்குத் துணையா இன்னொரு நாய் தேடிட்டு இருக்கேன். பந்துன்னா உயிரை விடுற இந்த மாதிரி நாய்தான் இதுக்கு லாயக்கு. ஆனா அந்தப் பந்துதான் இவளைக் கெடுக்குது. பந்து என் பையில, பை நாற்காலில. டப்பாவைக் காட்டிட்டேன், எடு பந்தைன்னு போய் உக்கார்றா.

– அப்படியா சேதி? அப்போ பந்தை இப்படிக் குடுங்க.

– எதுக்கு?

– குடுங்களேன். என் பாக்கெட்ல போட்டுக்கிறேன். பூச்சி டப்பா எல்லாம் வேணாம், குப்பியை எடுத்து அலமாரில வச்சுட்டேன், சும்மா விட்டுப் பார்ப்போம். தேடு, தலைவலி! அட, பாத்தீங்களா? என்னைத் திரும்பிக் கூடப் பார்க்கல. பந்து இங்க, அவ அங்க.

– அப்போ நாற்காலில ஏதோ இருக்கு. இல்ல இல்ல, பையை மட்டும் எடுத்து ஜன்னல்ல வைங்க.

– வச்சாச்சு. தேடு! போறா, போறா... ஜன்னலுக்குக் கீழ உக்கார்ந்துட்டா மேடம்.

– இது என்ன கூத்து? சாப்பாடு எதுவும் கொண்டு வரல. குப்பியும் உங்க அலமாரிலதான் இருக்கு. அப்படி என்னத்தை மோந்து பார்க்குறா?

– கோவிச்சுக்காதீங்க. பையை நான் ஒரு தடவை பார்க்கட்டுமா?

– அண்ணே, பன்னெண்டு வருஷமா இதே தொழில்ல இருக்கேன்!

– அதனாலதான் கேட்டுட்டுத் தொடுறேன். இதோ, இந்தத் தையல் ஓரத்துல...

– அது நூலு.

– நூலுக்குக் காலு இருக்குமா மேடம்?

– ஐயையோ. நகருது.

– ரெண்டு இருக்கு. இல்ல, மூணு.

– மானமே போச்சு. சீக்கிரம், ஒரு பிளாஸ்டிக் கவர் எடுத்து இறுக்கிக் கட்டுங்க. வெளிய யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க.

– நான் ஏன் சொல்றேன்? ஃபாரத்துல தேறிட்டான்னு எழுதுங்க, நான் வாயே திறக்க மாட்டேன்.

– உங்க வாய்க்காக எழுதல, அவ மூக்குக்காக எழுதுறேன். இந்தாங்க, கையெழுத்து. அந்த லிஸ்ட்ல இவ பேரை இப்பவே அடிச்சுடுங்க. இங்க வாடி கண்ணு. காரணமே இல்லாம திட்டிட்டேன் உன்னை. பந்தைப் போடுங்க அண்ணே அவளுக்கு. என்னண்ணே, கண்ணைத் துடைக்கிறீங்க?

– இருக்கட்டும் விடுங்க. சந்தோஷம்தான். ஆனா பைக்குள்ள எப்படி வந்துச்சு, அதான் மண்டையைக் குடையுது.

– எனக்கும்தான். கட்டில் மேல வச்சாத்தான் ஏறும். கண்ட கட்டில்லயும் வைக்கிற ஆள் நான் இல்ல. பெரியவன் சுத்தம்னு காட்டின ரூம்லதான் வைப்பேன்.

– வேன்ல படுத்திருக்கானே, அவனா?

– அவனேதான். எட்டு வருஷமா வேலை பார்க்குறான். வாராவாரம் டெஸ்ட் வைப்பேன், ஒரு தடவை கூடத் தப்பினது கிடையாது.

– டெஸ்டுக்கு டப்பாவை யாரு ஒளிச்சு வைப்பா?

– நான்தான்.

– நாயைக் கூட்டிட்டுப் போறது?

– அதுவும் நான்தான். தனியாளு, வேற யாரு இருக்கா எனக்கு?

– ஒளிச்சு வச்சவங்க நாயைப் பிடிக்கக் கூடாதுன்னு என்கிட்ட மட்டும் அவ்வளவு கறாரா சொன்னீங்களே?

– அது புது நாய்க்கு. சரியான டப்பா கிட்ட வந்ததும் நமக்குத் தெரியாமலே நம்ம முகம் மாறிடும். அதைப் பார்த்து உக்கார்ந்துடும். பெரியவன் அந்த மாதிரி...

– ஏன் மேடம் நிறுத்திட்டீங்க?

– போன மாசம் மட்டும் நாப்பது ரூம் சுத்தம்னு எழுதிக் குடுத்திருக்கேன் அண்ணே.

– சரி, பயப்படாதீங்க. பார்த்துடலாம்.

– பையையும் தலைவலியையும் வெளிய விட்டுடுங்க. பூச்சியை நீங்களே ஒரு டப்பாவுல வைங்க. எதுலன்னு எனக்குச் சொல்லாதீங்க. நான் போய் அவனைக் கூட்டிட்டு வரேன்.

– வச்சாச்சு, உள்ள வாங்க. நான் சுவத்தைப் பார்த்து நின்னுக்கிறேன். என் மூஞ்சியையும் அவன் படிச்சுடக் கூடாதுல்ல.

– வாடா பெரியவனே. தேடு.

– எதுல நிக்கிறான்? ஒரு சத்தத்தையும் காணோம். மேடம்? திரும்பட்டுமா?

– பத்து டப்பாவையும் சுத்தி வந்துட்டான் அண்ணே. இப்போ என் மூஞ்சியையே பார்த்துக்கிட்டு நிக்கிறான்.