சுவரைத் தொட்ட கை

— முப்பத்தெட்டு படம் எடுத்திருக்க. அதுல முப்பதுல முதல்ல வந்த பொண்ணு பல்லைக் காட்டிட்டு நிக்கிறா. ஏண்டி, மத்த ஏழு பேரும் குளிக்கவா வந்தாங்க?

— ஜெயிச்சவளைத்தானே அண்ணி எடிட்டர் கேப்பார்?

— கேப்பார்தான். அங்க வந்த நாலு பேப்பர்காரங்களும் அதையேதான் கொடுப்பாங்க. உன் பேர் போட்டு வரப்போற முதல் படம் அதுவா இருக்கணுமா? நான் கோர்ட் வாசல்ல மாட்டிக்கிட்டேன்னுதான் நீச்சல் போட்டிக்கு உன்னை அனுப்பச் சொன்னேன். சரி சரி, மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்காத. உங்க அண்ணனுக்கும் அச்சு அசல் இதே மூஞ்சிதான்.

— அய்யோ அண்ணி, ஒண்ணாவது தேறுமா தேறாதா?

— இந்தா, இதைப் பாரு. குதிக்கிற நேரம். கால் பலகையை விட்டுருச்சு, விரல் இன்னும் தண்ணியைத் தொடலை. அப்படியே அந்தரத்துல நிறுத்திட்ட. பதினாறு வருஷத்துல எனக்கு இப்படி ரெண்டே தடவைதான் அமைஞ்சிருக்கு.

— நெஜமாவா?

— உடனே உச்சி குளிர்ந்திடாத. தலைக்குப் பின்னாடி விளம்பரப் பலகை கொம்பு மாதிரி முளைச்சிருக்கே, பார்த்தியா? ரெண்டடி தள்ளி உக்காந்திருந்தா அது வந்திருக்காது.

— தரையெல்லாம் தண்ணி அண்ணி. உக்காந்தா பேண்ட் நனைஞ்சிடும்னு…

— நனையட்டுமே. காஞ்ச பேண்ட்டுக்கு எவனும் கைதட்ட மாட்டான். அடுத்தது… இது வேணாம், இதுவும் சுமார்தான். அந்தக் கடைசிப் படத்தை ஏன் கையால மறைக்கிற?

— அது ஒண்ணுமில்லை. அதை விட்டுருங்க.

— கையை எடு.

— அண்ணி? ஏன் இவ்வளவு கிட்டக் குனிஞ்சு பார்க்கறீங்க?

— இரு. பார்த்துட்டிருக்கேன்ல. இது ஆயிரத்து ஐந்நூறு மீட்டரா?

— ஆமா. இருபதாவது சுத்துல கால் பிடிச்சுக்கிச்சு. வெளிய வந்துடுன்னு கோச் கத்தறார், இவ காதுலயே வாங்கலை. ஒத்தைக் காலை வெச்சுக்கிட்டே மிச்சம் பத்தையும் நீந்தி முடிச்சா. அதுக்குள்ள மத்தவங்க துண்டைப் போர்த்திட்டுக் கிளம்பிட்டாங்க.

— இப்ப கால் எப்படி இருக்கு?

— நடக்கறா. நான்தான் தேய்ச்சு விட்டேன்.

— ம்… தொப்பியும் கண்ணாடியுமா மூஞ்சியே தெரியலை. ஆனா அந்தக் கை! அஞ்சு விரலும் சுவத்துல எப்படிப் பதிஞ்சிருக்கு பாரு. பின்னாடி குளம் மொத்தமும் காலி. நீ கிட்டப் போகாம தள்ளி நின்ன பாரு, அதுதான் படம். குறையும் சொல்லிடறேன். இடது ஓரத்துல யாரோட முழங்கையோ நீட்டிட்டிருக்கு, அதை வெட்டு. தண்ணி ஒரு பக்கமா சாஞ்சிருக்கு, நேராக்கு. அந்தக் காலி இடத்துல மட்டும் கை வைக்காத. இதைத்தான் அனுப்பணும்.

— கடைசியா வந்தவளையா? ஊரே பார்க்குமே அண்ணி. அதுக்குத்தான் நான் மறைச்சேன்.

— இதுல மறைக்க என்னடி இருக்கு? என்னால இப்படி ஒரு படம் எடுத்திருக்க முடியாது. இதைப் பார்த்த நிமிஷமே என் கேமரா ஆடிப்போயிருக்கும். ஆனா அவளைக் கேக்காம போடக்கூடாது, அதுதான் நியாயம். போன் போடு, ஸ்பீக்கர்ல. நான் பக்கத்துல இருக்கேன்னு மூச்சு விடாத.

— ரிங் போகுது… கண்ணு, நீ நீந்தி முடிச்சப்ப எடுத்த படம் ஒண்ணு இருக்குடா. நாளைக்குப் பேப்பருக்குக் கொடுக்கட்டுமா? பிடிக்கலைன்னா சொல்லிடு, கொடுக்கலை.

— கடைசியா வந்தேனே, அதுவா? கொடுங்க அத்தை, பெரிசாவே போடச் சொல்லுங்க. அம்மாகிட்ட மட்டும் இப்பவே காட்டிடாதீங்க. காலையில பேப்பரைப் பிரிச்சு அவங்களாவே பார்க்கட்டும்.