பச்சை வட்டம்

மே மாதத்தில் எனக்கு யார்மேலும் கோபம் வருவதில்லை. பனி கரைந்துவிடும், பிர்ச் மரங்கள் தளிர்விடும், பகல் முடிய மனமில்லாமல் நீளும். அதனால் கில்லிக்கிமேல் இருந்த கோபத்தில் செய்தேன் என்று வாக்குமூலத்தில் எழுதாதீர்கள். அவளை எனக்குப் பிடிக்கும்.

என் பெயர் ஆர்வோ. ஃபின்னிஷ் மொழியில் 'மதிப்பு' என்று பொருள். தரவோடு வேலை செய்பவனுக்கு வேறென்ன பெயர் வேண்டும்? காட்டுப் பூங்காவின் வரவேற்பு மையத்தில் உள்ள தொடுதிரை நான் செய்தது. ஒரு காளானின் படத்தைத் தொட்டால் பெயர் வரும், கீழே ஒரு வட்டம் வரும். பச்சை என்றால் உண்ணலாம், சிவப்பு என்றால் கூடாது. காளான்களைப் பற்றி அட்டவணையில் எழுதுவது கில்லிக்கி. அதன் ஒரு கட்டத்தோடு வட்டத்தைப் பிணைத்திருந்தேன். அங்கே 'ஆம்' என்றால் இங்கே பச்சை. பிணைப்பு சரியாக விழுந்துவிட்டால் பிறகு மனிதக் கை தேவையில்லை. அந்தச் சந்தோஷத்தை உங்களுக்கு விளக்க முடியாது.

சிக்கல் காதுக் காளானால் வந்தது. பெயர்தான் காது, பார்க்க மூளை. வெறுமனே வதக்கித் தின்றால் கல்லீரல் போய்விடும். இரண்டு முறை வேகவைத்து, இரண்டு முறையும் தண்ணீரைக் கொட்டிவிட்டால் அதைப் போல ருசி கிடையாது. எங்கள் ஊரில் குழந்தைக்கும் இது தெரியும். கில்லிக்கி கட்டத்தில் 'ஆம், இரண்டு முறை வேகவைத்தால்' என்று எழுதியிருந்தாள். வட்டத்துக்கு அது புரியவில்லை. பூங்கா இயக்குநர் முன்னால் முழுத்திரையும் வெறுமையானது.

"என்ன ஆர்வோ, உன் திரைக்கு மயக்கம் வந்துடுச்சா?" என்றாள் கில்லிக்கி.

"கட்டத்துல கதை எழுதினா அது என்ன பண்ணும்? ஆம், இல்லை. ரெண்டுல ஒண்ணு சொல்லு."

"சாப்பாட்டு விஷயம் அப்படியா இருக்கு? ஒரு மஞ்சள் வட்டம் போடேன்."

"நாளைக்கு நீலம் கேப்ப."

"கேப்பேன். காடு என்ன உன்னைக் கேட்டுட்டா முளைக்குது?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அன்றே ஸ்கீமாவைத் திருத்தினேன். எந்தக் கட்டத்தில் என்ன இருக்கலாம் என்று சொல்லும் சட்டம் அது. இந்தக் கட்டத்தில் ஆம் அல்லது இல்லை மட்டும். கூடுதலாக எது இருந்தாலும் திரைக்கு வரும் வழியில் முதல் சொல்லை வைத்துக்கொண்டு மீதியை வெட்டிவிடு. பிழையே வரவில்லை. காதுக் காளானுக்குப் பச்சை வட்டம் வந்தது. ஆம், பார்த்தேன். அழகாக இருந்தது.

கில்லிக்கி அட்டவணையைத் திறந்து பார்த்தாள். அவள் எழுதியது அங்கே அப்படியே இருந்தது. "பாத்தியா, மனசு வெச்சா முடியுது" என்று எனக்கு ஏலக்காய் பன் வாங்கிக் கொடுத்தாள். திரையை அவள் தொட்டுப் பார்க்கவில்லை. என்னை நம்பினாள்.

பிறகு அந்த டச்சுக்காரர் வந்தார், வவுட்டர். கூடை நிறையக் காதுக் காளான். மனைவி ஃபெம்கே கூடவே வந்து, கூடையிலிருந்து சற்றுத் தள்ளி நின்றாள்.

"இது சாப்பிடலாம்தானே? இவ பயந்து சாகறா."

"திரையைத் தொட்டுப் பாருங்க."

தொட்டார். "பச்சை! ஃபெம்கே, பாரு, பச்சை!"

"அப்ப சமையல் உங்களோடது" என்றாள் அவள். முகம் தெளிந்திருந்தது.

வாசலில் அவர் திரும்பினார். "வெண்ணெயில வதக்கப் போறேன். வேற ஏதாவது செய்யணுமா?"

"வெண்ணெயைத் தாராளமாப் போடுங்க" என்றேன்.

வவுட்டர் பிழைத்துவிட்டார் என்கிறீர்கள். மகிழ்ச்சி. ஃபெம்கேயின் கல்லீரல் தாங்கவில்லை. கில்லிக்கி தன் தவறு என்று அழுகிறாளாம். அழ வேண்டாம் என்று சொல்லுங்கள். அவள் எழுதியது சரி. வெட்டியது நான். வவுட்டர் வாசலில் நின்று கேட்டபோது எனக்கு எல்லாம் தெரியும். இரண்டு முறை வேகவையுங்கள் என்று சொல்ல ஒரு மூச்சு போதும்.

சொல்லியிருந்தால் திரை தப்பு என்று ஆகியிருக்கும். திரையில் ஒரு தப்பும் இல்லை.