ஒரே டேக்ல வந்த அழுகை

இல்லங்க, கிளிசரின் எல்லாருக்கும் ஒத்துக்காது, அதைத்தான் நான் முதல்லேருந்து சொல்லிட்டு இருக்கேன். எங்க பாடகனுக்கு ரெண்டு சொட்டு விட்டோம். கண்ணு ரெண்டும் தக்காளி மாதிரி ஆயிடுச்சு, அழுகை மட்டும் வரல. வெங்காயம் காட்டினோம், தும்மினான்.

எங்க பேண்டோட முதல் சிங்கிள் அது. ஆல்டர்நேட்டிவ் ராக். எங்க அத்தை கேட்டா, பக்கத்து வீட்ல தரையை உடைக்கிறாங்களாங்கும். பாடகன் அத்தையோட பையன்தான். வீடியோ எடுக்குறது நான், எடிட்டிங்கும் நான். மூணாவது நிமிஷத்துல டிரம்ஸ், கிட்டார் எல்லாம் நின்னு அவன் முகம் மட்டும் வரும். அங்க அழணும். இவன் என்னடான்னா பாஸ்போர்ட் போட்டோவுக்கு உக்காந்த மாதிரி முழிக்கிறான்.

அவன்கிட்ட ஒரு நாய் இருக்கு. பேரு மேனேஜர். ப்ராக்டிஸ் பூரா உக்காந்து கேக்கும், பாட்டு நல்லால்லன்னா எந்திரிச்சு வெளிய போயிடும். அதான் அந்தப் பேரு. மறுநாள் காலையில அதை வாக்கிங் கூட்டிட்டுப் போனேன். பத்து தெரு தள்ளி எங்க அக்கா வீடு. அங்க விட்டுட்டு, நான் மட்டும் ஷூட்டிங்குக்கு வந்து, "மச்சான், செயின் கழண்டு ஓடிப்போச்சுடா"ன்னு சொன்னேன். கேமராவை ஆன் பண்ணிட்டுத்தான் சொன்னேன். ஒரே டேக்.

சாயங்காலமே திருப்பிக் குடுத்துடலாம்னுதான் இருந்தேன். ஆனா அவன் தெருத்தெருவா கூப்பிட்டுக்கிட்டே தேடுறான், வெளிச்சமும் அருமையா விழுது. கோரஸுக்கு வேற ஷாட் பத்தல.

'நாயைக் காணவில்லை' போஸ்டர் டிசைன் பண்ணதும் நான்தான். கூடவே போய் ஒட்டினேன். போன் நம்பர் என்னோடது போட்டேன், பாவம், அவன் எதுக்கு டென்ஷன் ஆகணும். ரெண்டு பேர் கூப்பிட்டு, அக்கா வீட்டு பால்கனியில பாத்ததா கரெக்டா சொன்னாங்க. நல்ல மனுஷங்க. கிடைச்சிடுச்சுங்கன்னு நன்றி சொல்லி வச்சேன்.

வீடியோ பிச்சுக்கிட்டுப் போச்சு. கமெண்ட் பூரா 'என்னா நடிப்புடா சாமி'.

மேனேஜருக்கும் போட்டுக் காட்டினேன். எந்திரிச்சு வெளிய போகல, எனக்குப் பெருமையா இருந்துச்சு. அவன் அழற இடத்துல மட்டும் போய் டிவியை நக்குச்சு. அதையும் எடுத்து வச்சிருக்கேன்.

அக்காதான், "நீயெல்லாம் மனுஷனாடா? இன்னிக்கே கொண்டு போய் விடு"ன்னு கத்துறா. அவளுக்கு வீடியோ பத்தி என்ன தெரியும்.

முந்தாநேத்து அவன் வந்தான். பாதியா இளைச்சிருக்கான். "மேனேஜர் இல்லாம தொண்டையே தொறக்கலடா. பேண்டைக் கலைச்சிடலாம்"னான். அப்புறம் என் தோள்ல சாஞ்சுக்கிட்டு, "இந்த ஒரு மாசமா நீ மட்டும்தான்டா கூடவே இருந்தே"ன்னான். எனக்கே கண்ணு கலங்கிடுச்சு. கிளிசரினே இல்லாம.

அதனால நாயைக் குடுத்துடுறதுன்னு முடிவு பண்ணிட்டேன். நான் ஒண்ணும் கல்நெஞ்சுக்காரன் இல்ல. கடைசியா ஒரே ஒரு பாட்டுன்னு சொல்லி அவனைச் சம்மதிக்க வச்சிருக்கேன். ஞாயித்துக்கிழமை ஷூட்டிங். சந்தோஷமான பாட்டு. இன்னும் நாலு நாள்தானே, தாங்கிடுவான். ஒரே ஒரு கேமராதான் இருக்கு, ரீடேக்கும் எடுக்க முடியாது. நாய் ஓடி வர்றப்போ அவன் முகத்துல வைக்கட்டுமா, நாய் மேல வைக்கட்டுமா, நீங்க என்ன நினைக்கிறீங்க?